கும்பிடத் தொடங்குகிறவர்களுக்கு: பழனி மலைத்தொடரிலிருந்து ஒரு கையேடு

கொடைக்கானலுக்கு வந்து சில மாதம் தங்குகிறவர்களில் சிலர், ஏரியும் தூண் பாறையும் அலுத்துப்போன பிறகு, கொஞ்சம் தயங்கிக்கொண்டே கேட்பார்கள்: “சாமி கும்பிடணும்போல இருக்கு. ஆனா எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.” பெரும்பாலும் சின்ன வயதில் அம்மாவோடு கோயிலுக்குப் போனவர்கள், கல்லூரிக்குப் போனதும் விட்டுவிட்டவர்கள். இப்போது அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அல்லது வேலை போய்விட்டது, அல்லது எல்லாம் சரியாக இருந்தும் மனம் ஒட்டவில்லை. அவர்களுக்காக எழுதுவது இது.

எந்தச் சாமி என்பதில் நான் தலையிடப் போவதில்லை. லாசலேத் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அடுத்த வாரம் பூம்பாறை குழந்தை வேலப்பருக்கு மாலை வாங்கிப் போகிறவர்கள் இந்த மலையில் உண்டு. யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

எந்த மந்திரம், எத்தனை முறை, எந்தத் திசை பார்த்து என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் பிறகு. எதற்காகக் கும்பிட நினைக்கிறீர்கள் என்பது தெரியாமல் ஆரம்பித்தால், பத்தாவது நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவீர்கள்.

முதல் வேலை: காரணத்தை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, மனதில் வருகிற காரணங்களை எல்லாம் வரிசை பார்க்காமல் எழுதுங்கள். யாருக்கும் காட்டப் போவதில்லை, ஆகவே நல்ல பிள்ளையாக எழுத வேண்டாம். ஒளிவுமறைவு இல்லாத தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘ஸ்கேன் ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை வருகிறது. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அண்ணனிடம் பேசிய பேச்சுக்கு யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும். ராத்திரி தூக்கம் இல்லை. ஆபீஸில் எல்லோரும் பாதயாத்திரை போகிறார்கள்.’

இப்போது அந்தத் தாளில் வேறு ஒருவருடைய ஆசையாக இருக்கிற வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மேலே சொன்னதில் அம்மா வரிக்கும் ஆபீஸ் வரிக்கும் புள்ளி விழும். அடிக்க வேண்டாம், புள்ளி போதும். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ரயனும் அவருடன் வேலை செய்தவர்களும் 1993-இல் கிறித்தவர்களிடையே இதைத்தான் பார்த்தார்கள். செய்யாவிட்டால் குற்ற உணர்ச்சி வரும், நாலு பேர் ஏதாவது நினைப்பார்கள் என்பதற்காகச் செய்கிற பக்தி ஒரு வகை. தனக்கே அது முக்கியம் என்று பட்டுச் செய்கிற பக்தி இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கும்பிடுதான். ஆனால் முதல் வகை மனநலக் குறைவோடும் இரண்டாவது வகை மனநலத்தோடும் சேர்ந்து போனது.

புள்ளி வைத்த வரிகள் மட்டும்தான் தாளில் இருக்கின்றன என்றால், இப்போதைக்கு ஆரம்பிக்காதீர்கள். அம்மாவிடம் போனில் பேசுங்கள். அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

மீதி வரிகளில் பேரம் நிறைய இருக்கும். ரிப்போர்ட் நன்றாக வந்தால் மொட்டை, வேலை கிடைத்தால் பால்குடம். படித்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் வெட்கம் வரும், “இது பக்தியா, வியாபாரமா” என்று. இந்த வெட்கத்துக்கு உளவியலிலும் ஓர் ஆதரவு உண்டு. கார்டன் ஆல்போர்ட் என்பவர் மைக்கேல் ராஸுடன் சேர்ந்து 1967-இல் மத நாட்டத்தை இரண்டாகப் பிரித்தார். புற நாட்டம் உள்ளவர் மதத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார், அக நாட்டம் உள்ளவர் மதத்தை வாழ்கிறார் என்பது அவருடைய கணக்கு. பின்னால் டேனியல் பாட்சன் மூன்றாவது ஒன்றைச் சேர்த்தார்: விடையை விடக் கேள்வியை முக்கியமாகக் கருதித் தேடிக்கொண்டே இருப்பவர்கள்.

பிரிப்பு உபயோகமானதுதான். ஆனால் ஆல்போர்ட் பார்த்தது அமெரிக்காவில் சர்ச்சுக்குப் போகிறவர்களை. பழனிப் படியில் வைத்து அந்த அளவுகோலைப் பிடித்தால் அது தடுமாறும் என்பது என் எண்ணம். பூம்பாறையில் பூண்டு போட்டிருக்கிற ஒருவர், விலை நன்றாகப் போனால் வேலப்பருக்கு இன்னது செய்கிறேன் என்று வேண்டிக்கொள்கிறார். ஆல்போர்ட் கணக்கில் அது சுத்தமான புற நாட்டம். அவரைக் கேட்டுப் பாருங்கள்: விலை போகாத வருஷமும் திருவிழாவுக்குத் தேர் வடத்தைப் பிடித்திருப்பார். கேட்பது அவருக்கு உறவின் ஒரு பகுதி. சொந்த மாமாவிடம் ஒன்றுமே கேட்காதவன் மாமாவோடு நெருக்கமாக இருக்கிறான் என்று நம் ஊரில் யாராவது சொல்வார்களா?

மனிதன் எங்கே கேட்கத் தொடங்குகிறான் என்பதற்கு இன்னொரு பழைய கவனிப்பு உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் பசிபிக்கில் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் இருந்தார். அமைதியான காயலில் மீன் பிடிக்கப் போகும்போது அந்த மக்கள் எந்தச் சடங்கும் செய்யவில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் உள்ள திறந்த கடலுக்குப் போகும்போதுதான் விரிவான சடங்குகள். பூண்டுக்காரரும் களை எடுக்கச் சாமியைக் கூப்பிடுவதில்லை. உறைபனிக்கும் வடுகபட்டிச் சந்தை விலைக்கும்தான் கூப்பிடுகிறார். ஆகவே உங்கள் தாளில் பேரம் இருக்கிற இடம், உங்கள் கை எட்டாத இடம் எது என்பதைக் காட்டுகிறது. வெட்கப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதியும் பிடிபடவில்லையா? பூக்கட்டிப் பாருங்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ. இரண்டையும் ஒரே அளவுத் தாளில் வெளியே தெரியாதபடி தனித்தனியாக மடித்து, சாமி முன்னால் போட்டுக் குலுக்குவார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று முன்பே பேசிவைத்துக்கொண்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். குழந்தையின் கை பொட்டலத்தின் மேல் போகிற அந்த நொடியில் உங்கள் வாய்க்குள் ஒரு வார்த்தை ஓடும். ‘வெள்ளை, வெள்ளை’ என்றோ, ‘ஐயோ வெள்ளையாக இருந்துவிடக் கூடாதே’ என்றோ. அதுதான் உங்கள் நிஜமான வேண்டுதல். அதைத் தாளில் எழுதிவிடுங்கள். பொட்டலத்தைப் பிரிப்பதும் பிரிக்காததும் உங்கள் இஷ்டம். பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் பிரிக்காமல் விடமாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேரமும் இடமும்

விடியற்காலை நாலு மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டு உட்கார வேண்டும் என்பது சமவெளிச் சட்டம். மார்கழியில் இங்கே புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். புதிதாக வந்தவர் ஆர்வத்தில் பச்சைத் தண்ணீரில் குளித்தால் மூன்றாம் நாள் காய்ச்சலில் படுப்பார், அதோடு பக்தியும் படுத்துவிடும். கை, கால், முகம் கழுவினால் போதும்.

மணி பார்த்து நேரம் வைப்பதைவிட, எப்படியும் தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுவது நல்லது. ‘அடுப்பில் பால் வைத்தேன் என்றால், அது பொங்குகிறவரை கும்பிடுவேன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் கிடைக்கும். ஆரம்பத்தில் அதற்கு மேல் வேண்டாம்.

பழக்கம் படிய எவ்வளவு நாள் ஆகும் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வு 2010-இல் வந்தது. நடுவாக 66 நாள். ஆனால் ஆளுக்கும் காரியத்துக்கும் தகுந்தபடி 18-லிருந்து 254 வரை போனது. ஒரு நாள் தவறுவதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பது அதில் எனக்குப் பிடித்த செய்தி. நம் ஊரில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், என்று வைத்திருக்கிறோம். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்காதீர்கள்.

வீட்டில் ஓர் அலமாரித் தட்டு போதும். வெளியே போகத் தோன்றினால் குறிஞ்சி ஆண்டவர் கோயில் உண்டு. 1936-இல் அதைக் கட்டியவர் இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார். பிறப்பால் வெள்ளைக்காரர், இந்துவாக மாறியவர். பெற்றோர் சொல்லிக்கொடுத்து வராத பக்தியும் உண்டு என்பதற்கு இந்த ஊரிலேயே இருக்கிற சாட்சி அது. பனி விலகியிருந்தால் அங்கிருந்து கீழே பழனி மலையும் வைகை அணையும் தெரியும். ஏப்ரல், மே சீசனில் மட்டும் போகாதீர்கள், செல்ஃபி எடுப்பவர்களுக்கு நடுவில் கண்ணை மூட முடியாது. பேச்சே வேண்டாம், சும்மா உட்கார்ந்தால் போதும் என்பவர்களுக்குப் பெருமாள்மலைப் பக்கம் போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையம் இருக்கிறது. யேசு சபைத் துறவியான அமா சாமி 1996-இல் தொடங்கியது. முன்பே கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

மூச்சு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2001-இல் லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு, 23 பேரை ஜெபமாலையும் ஒரு பௌத்த மந்திரமும் சொல்லவைத்து அளந்தது. இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குத் தானாகவே இறங்கியது, இதயத் துடிப்பின் லயமும் சீரானது. மொழியும் மதமும் வேறு, மூச்சின் கணக்கு ஒன்று.

ஆகவே உங்களுக்குப் பழக்கமான ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சரவணபவ, இயேசுவே, அல்லாஹ், எதுவாக இருந்தாலும் சரி, மூச்சை வெளியே விடும்போது மெதுவாகச் சொல்லுங்கள். உள்ளே இழுக்கும்போது சும்மா இருங்கள். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம், வந்த முதல் சில நாள் மூச்சு கொஞ்சம் முட்டும். இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

இனி வாயைத் திறந்து பேசுங்கள்

புதியவர்களுக்கு இதுதான் கஷ்டம். மனப்பாடமான பாட்டு முடிந்ததும் என்ன சொல்வதென்று தெரியாது. கண்ணை மூடி நின்றால் மின்சார பில் ஞாபகம் வரும்.

மனப்பாடப் பாட்டு தவறில்லை. மனம் சிதறிக் கிடக்கிற நாளில் அதுதான் கைத்தடி. ஆனால் சொந்தப் பேச்சு வேறு வேலையைச் செய்கிறது. டென்மார்க்கில் உஃபே ஷோட் என்பவர் 2009-இல் 20 தீவிரக் கிறித்தவர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்தார். மனப்பாடமான கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லச் சொன்னார், சொந்த வார்த்தையில் ஜெபிக்கச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்க்கக் கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் பரிசு கேட்கவும் சொன்னார். சொந்த வார்த்தையில் ஜெபித்தபோது, இன்னொரு ஆளின் மனதில் என்ன இருக்கும் என்று யோசிக்கும்போது வேலை செய்கிற பகுதிகள் வேலை செய்தன. தாத்தாவிடம் கேட்டபோது அப்படி இல்லை. அவர்கள் மூளையைப் பொறுத்தவரை கடவுளோடு பேசுவது எதிரே இருக்கும் ஆளோடு பேசுவதுதான். அங்கே கடவுள் இருக்கிறாரா என்பதை ஸ்கேன் சொல்லாது, அது ஸ்கேனின் வேலையும் இல்லை.

ஆகவே ஆளோடு பேசுவதுபோலப் பேசுங்கள். தமிழில் இதற்கு வசதி அதிகம். ஆபீஸரை நீங்கள் என்போம், மாமனாரை நீங்கள் என்போம், முருகனை மட்டும் ‘நீ’ என்போம், கோபம் வந்தால் ‘ஏன்டா’ என்றும் கேட்போம். கோபமும் பிரார்த்தனைதான், அதற்குப் பயப்படாதீர்கள். கண் பார்வை போய்த் திருவாரூரில் நின்ற சுந்தரர், “வாழ்ந்து போதீரே” என்று சிவனைப் பார்த்தே சொன்னார். நல்லா இருந்துட்டுப் போங்க என்று வெந்துபோய்ச் சொல்கிற அதே தொனி. அதைத் தேவாரத்தில் சேர்த்து இன்றும் பாடுகிறோம். கீழே பழனியில் நிற்பவனே பழம் கிடைக்கவில்லை என்று அப்பா அம்மாவிடம் கோபித்துக்கொண்டு வந்தவன்தான். கோபத்தோடு போனால் அவனுக்குப் புரியும்.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதில் ஒரு கைமுறை சொல்கிறேன். கஷ்ட காலத்தில் மனிதர்கள் கடவுளோடு எப்படிப் பொறுப்பைப் பங்கு போடுகிறார்கள் என்று கென்னத் பார்கமெண்ட் என்பவர் 1988-இல் மூன்று வகை சொன்னார். ‘எல்லாம் நீயே பார்த்துக்கொள்’ என்று விட்டுவிடுவது. ‘புத்தி கொடுத்திருக்கிறாய், நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்பது. ‘இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்’ என்பது. மூன்றாவதுதான் பொதுவாக மனதுக்கு நல்லது என்பது அந்த ஆய்வுகளின் போக்கு. முழுக்கக் கை மீறின விஷயத்தில் முதலாவதும் ஆறுதல் தரும்.

மூன்றாவது வகையில் கேட்கப் பழக ஒரு வாக்கிய அமைப்பு: ‘நான் இதைச் செய்கிறேன், அது உன் பொறுப்பு.’ உதாரணத்துக்கு, ‘செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நானே டாக்டரிடம் போகிறேன், தள்ளிப்போட மாட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது உன் பொறுப்பு. எழுதியிருப்பதைக் கேட்கும்போது என் பக்கத்தில் இரு.’ இல்லையென்றால், ‘அண்ணனுக்கு நான் போன் செய்கிறேன். அவன் எடுப்பதும் எடுக்காததும் உன் பாடு.’ முதல் பாதி வாயில் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது எது என்று இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு அதை யோசிப்பதே கும்பிடு.

நேர்த்திக்கடன் வைப்பது

இதில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

பதற்றத்தின் உச்சத்தில் நேராதீர்கள். ஐசியூ வாசலில் நின்றுகொண்டு தங்கத்தேர் இழுக்கிறேன், ஆயிரம் பேருக்கு அன்னதானம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, பிறகு வட்டிக்கு வாங்கி நிறைவேற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பதற்றத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வையுங்கள். துணி இல்லையென்றால் வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம். காசை நடுவில் வைத்து நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போடும்போது, கவலையை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். என்ன செய்வேன் என்று சொல்ல வேண்டாம். பாட்டிமார்கள் இதைச் செய்துவிட்டு, “முடிஞ்சு வெச்சுட்டேன், இனி அவன் பார்த்துப்பான்” என்று அடுப்படிக்குப் போய்விடுவார்கள். மனதில் சுற்றிக்கொண்டிருந்தது கைக்குத் தெரிகிற ஒரு பொருளாகி, ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. என்ன நேர்வது என்று ஒரு வாரம் கழித்து, மூச்சு சீராக இருக்கும்போது, முடிவு செய்யலாம்.

முடிவு செய்யும்போது, உங்கள் உடம்பாலும் உங்கள் பணத்தாலும் முடிகிறதை மட்டும் நேருங்கள். மனைவி தீ மிதிப்பாள், மகன் அலகு குத்துவான் என்று அடுத்தவர் உடம்பை அடகு வைக்காதீர்கள். கெடு வையுங்கள், ‘அடுத்த தைப்பூசத்துக்குள்’ என்பதுபோல. கெடு இல்லாத நேர்த்தி பல வருஷம் கழித்து, வீட்டில் ஏதாவது கெட்டது நடக்கும்போது, ‘அந்தக் கடனைச் செலுத்தாததால்தான்’ என்று வந்து நிற்கும். அப்படிப் பழைய கடன் ஏதாவது இருந்து உறுத்தினால், செய்யக்கூடிய சிறிய ஒன்றாக மாற்றி இந்த வருஷமே முடித்துவிடுங்கள். கோயிலில் விஷயம் தெரிந்த குருக்களையோ பண்டாரத்தையோ கேட்டால் மாற்று வழி சொல்வார்கள். சாமி கந்துவட்டிக்காரர் இல்லை.

உடம்பை வருத்திக்கொள்வது மூடத்தனம் என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு ஒரு தகவல். மொரீசியஸ் தீவில் தமிழர் வழியில் வந்தவர்கள் எடுக்கும் தைப்பூசக் காவடியை திமித்ரிஸ் ஸிகலாட்டஸ் என்ற மானிடவியலாளர் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார். 2013-இல் வந்த ஆய்வில், காவடி எடுத்தவர்கள் வெறும் கூட்டு வழிபாட்டில் உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகமாகத் தர்மம் போட்டார்கள். வலி கூடக்கூடக் கொடுத்த பணமும் கூடியது. 2019-இல் வந்த இன்னொன்றில், காவடிக்குப் பிறகு உடல்நலம் கெட்டதற்கான அடையாளம் இல்லை. மனநலமோ கூடியிருந்தது, அதிகம் அலகு குத்திக்கொண்டவர்களுக்கு இன்னும் அதிகமாக. இதைப் படித்துவிட்டு முதல் வருஷமே அலகு குத்திக்கொள்ளக் கிளம்ப வேண்டாம். அது குருசாமி ஒருவரிடம், விரதத்தோடு, சிறுவயதிலிருந்து பார்த்துப் பழகியவர்களின் வேலை.

புதியவர்களுக்குப் பாதயாத்திரைதான் சரி. கொடைக்கானலிலிருந்தே நடக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். பழனிக்கு மலைப்பாதை சுமார் 64 கிலோமீட்டர், முக்கால்வாசி இறக்கம். இறக்கம் முட்டியையும் கால் பெருவிரல் நகத்தையும் பதம் பார்க்கும், வழியில் யானை, காட்டுமாடு நடமாட்டமும் உண்டு. பஸ்ஸில் கீழே இறங்கி, ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். தை மாதம் அந்தச் சாலை முழுக்கப் பச்சையும் காவியும்தான், தண்ணீர்ப் பந்தலுக்கும் அன்னதானத்துக்கும் குறைவிருக்காது. செருப்பில்லாமல் நடப்பதாக இருந்தால் அதிகாலையிலும் மாலையிலும் நடங்கள். பதினோரு மணிக்கு மேல் தார் ரோடு கொப்புளம் போட்டுவிடும். இருட்டில் நடந்தால் எதிரே வரும் வண்டி தெரிகிறபடி சாலையின் வலப்பக்கம் நடங்கள், முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விரதம் என்று அதை நிறுத்தக் கூடாது.

கோயிலுக்கு 693 படி. முடியாதவர்களுக்கு யானைப்பாதை, அதுவும் முடியாதவர்களுக்கு வின்ச், ரோப்கார். வின்ச்சில் போனால் பலன் குறையுமா என்று கேட்கிறார்கள். படியில் ஏறுகிறேன் என்று நேர்ந்திருந்தால் படியில் ஏறுங்கள். நேரவில்லை என்றால் வரிசையில் நின்று டிக்கெட் வாங்குங்கள். கீழே கடைகளில் “மேலே கிடைக்காது சார்” என்று கையில் திணிக்கும் பூஜைத்தட்டை வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை.

கேட்டது கிடைக்காதபோது

கிடைக்காது. எப்போதும் இல்லை, ஆனால் ஒரு நாள் நிச்சயம் கிடைக்காது. அதற்கு முன்பே தயாராக வேண்டும்.

2006-இல் ஹெர்பர்ட் பென்சன் குழு அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை வைத்துப் பார்த்தது. பிரார்த்தனை நடக்கலாம் நடக்காமலும் இருக்கலாம் என்று சொல்லப்பட்ட இரண்டு குழுக்களில், பிரார்த்தனை செய்யப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் செய்யப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது. வித்தியாசம் இல்லை. உனக்காகக் கட்டாயம் பிரார்த்திக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட மூன்றாவது குழுவில் 59 சதவீதம். பிரார்த்தித்தவர்கள் நோயாளிகளுக்கு முகம் தெரியாதவர்கள். ஆகவே மகளுக்காகத் தாய் வேண்டுவதைப் பற்றி இந்த ஆய்வை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் நான் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று “உனக்காக ஊரே வேண்டிக்கிட்டிருக்கு, நீ எந்திரிச்சுதான் ஆகணும்” என்று சுமை ஏற்றாதீர்கள். வேண்டுவதை வீட்டில் வேண்டுங்கள். மருத்துவமனையில் தலையணையைச் சரி செய்யுங்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். பார்கமெண்ட் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் இருந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். ‘கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்’, ‘அவர் என்னை நேசிக்கவில்லை’ என்ற எண்ணங்களோடு போராடியவர்கள் இறந்துபோகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அந்த எண்ணம்தான் கொன்றது என்று ஆய்வு சொல்லவில்லை, தொடர்பு இருந்தது என்கிறது. ‘சாமி குத்தம்’ என்ற பேச்சை நோயாளி வீட்டில் எடுக்காமல் இருக்க எனக்கு இது போதுமான காரணம்.

திட்டுவது வேறு, தன்னையே தண்டித்துக்கொள்வது வேறு. ‘ஏன்டா எனக்கு இப்படிச் செய்தாய்’ என்று கேட்கிறவரை உறவு இருக்கிறது. ‘நான் பாவி, எனக்கு இது வேண்டியதுதான்’ என்று வாரக்கணக்கில் சுற்றினாலோ, சாப்பாடும் தூக்கமும் போனாலோ, சாமி காதில் கட்டளை இடுவதாகத் தோன்றினாலோ அது கும்பிட்டுச் சரிசெய்கிற விஷயம் இல்லை. அரசு மருத்துவமனைக்குப் போங்கள், இல்லை 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். மாத்திரையை விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம், சண்டை போட்டுக்கொள்ளாது.

ஒன்றுமே தோன்றாத நாட்களும் வரும். ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் வெயிலைப் பார்க்காமல் மனம் மரத்துக் கிடக்கும்போது பெயரைப் பத்து மூச்சு சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

மண்டலம் முடிந்த பிறகு

48 நாள் ஆனதும் முதலில் எழுதிய தாளை எடுங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று டிக் போடுவதற்காக இல்லை. இன்று எழுதினால் எந்த வரி இருக்காது, எந்த வரி புதிதாக வரும் என்று பாருங்கள். பலருக்கு ரிப்போர்ட் வரி போய் அண்ணன் வரி மேலே வந்திருக்கும். சிலருக்குப் புள்ளி வைத்த அம்மா வரியே சொந்த வரியாகியிருக்கும், புள்ளியை அழித்துவிடுங்கள். புதுத் தாளில் எழுதித் தேதி போட்டு, அடுத்த மண்டலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் துணியில் முடிந்த காசு இருந்தால், காரியம் எப்படி முடிந்திருந்தாலும் அதை அவிழ்த்து உண்டியலில் போடுங்கள். நல்லபடியாக முடியவில்லை என்றாலும் வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம், அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். பழனிக்கு வர முடியாதவர்கள் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பலாம், இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தாளில் ஒரு வரியும் மாறவில்லை, உட்காருவதே பாரமாக இருக்கிறது என்றால் நிறுத்திவிடலாம். தெய்வ குற்றம் ஒன்றும் வந்துவிடாது. வேறொரு வருஷம், வேறொரு காரணத்தோடு, திரும்பவும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளலாம்.